உருக்கினால் எவ்வளவு நிற்கும்?

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் ஷார்ஜாவில் ஆசிரியையாக இருந்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அந்தத் துணிவில்தான் இதைக் கேட்கிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வயது 34. எம்.எஸ்சி., பி.எட். முடித்து, ஒன்பது ஆண்டுகளாக ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். கணவரும் மாமனாரும் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ஷார்ஜாவில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் வேலை வந்திருக்கிறது. மாதம் 4,500 திர்ஹாம். அடிப்படைச் சம்பளம் 2,000, வீட்டுப்படி 1,500, போக்குவரத்துப்படி 500, இதரப்படி 500. ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் 1,03,500 ரூபாய் வருகிறது. அங்கே இருக்கும் தோழி, பங்கு அறை, சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 2,000 திர்ஹாமில் முடித்துவிடலாம் என்கிறாள். ஏப்ரல் முதல் வாரம் சேர வேண்டும். ஏஜென்ட் பத்து நாளுக்குள் 1,20,000 ரூபாய் கேட்கிறார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கடன் கிடைக்கும். மற்றச் செலவுகளுக்கு பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். 'ஐந்து மடங்கு சம்பளம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போகலாமா?

ஒரு வாசகி, சேலம்

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாமனாரிடம் ஒரு ஜோடி பழைய கொலுசைக் கொடுத்துப் பாருங்கள். தராசு காட்டும் எடை முழுவதையும் வெள்ளி என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். பற்றாசு எவ்வளவு, அழுக்கு எவ்வளவு, உருக்கினால் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத்தான் விலை சொல்வார். 4,500 திர்ஹாம் என்பது தராசு காட்டும் எடை. அதை இன்னும் யாரும் உருக்கிப் பார்க்கவில்லை. தூக்கம் வராததற்குக் காரணம் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கணக்கு ஆசிரியை; கணக்கு எங்கோ உதைக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கும் அந்த 2,000-ஐப் பாருங்கள். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு 30 நாள். படிகள் எதுவும் அதில் சேராது. உங்கள் ஒப்பந்தப்படி ஓராண்டுக்கு 1,400 திர்ஹாம், ஐந்து ஆண்டு உழைத்தால் 7,000. அதே 4,500-க்குள் அடிப்படையை 3,000 ஆக்கிப் படிகளைக் குறைத்தால் 10,500. மாதச் சம்பளத்தில் ஒரு காசு கூட்டிக் கேட்க வேண்டியதில்லை, பிரிப்பதை மாற்றிக் கேட்டாலே போதும். 2023 முதல் அங்கே கட்டாயமாக இருக்கும் வேலையிழப்புக் காப்பீடும் அடிப்படைச் சம்பளத்தில்தான் நிற்கிறது. வேலை போனால் அதில் 60 சதவீதம் வரை, அதிகபட்சம் மூன்று மாதம் கிடைக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2007-இல் 2,500 திர்ஹாம் என்று சொல்லி என்னை எடுத்தார்கள். அடிப்படை 1,000 என்பதை ஒப்பந்தத்தில் பார்த்தேன், அதன் பொருள் புரியாமலே கையெழுத்திட்டேன். நான்கு ஆண்டு கழித்து, 2011 மார்ச்சில் அம்மாவுக்கு உடல்நிலை மோசமாகி வேலையை விட்டேன். பணிக்கொடையில் வீட்டுக்கு ஓடு மாற்றி ஒரு அறையும் எடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் கட்டிடமே கட்டி வைத்திருந்தேன். ஆண்டுக்கு 700 வீதம் 2,800 திர்ஹாம். தானாக விலகியதால் அப்போதைய சட்டப்படி அதில் மூன்றில் இரண்டு பங்குதான். கையில் வந்தது 1,866 திர்ஹாம், அன்றைய விலையில் 23,000 ரூபாய்க்கு அருகில். அலுவலக வராந்தாவில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பள்ளி என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் அதிகம் வலித்தது, எல்லாம் எழுதியபடியே நடந்திருந்தது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் தானாக விலகுபவருக்கான அந்த வெட்டு இல்லை. அடிப்படைச் சம்பளக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது கோடை விடுமுறை. அங்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் மூடுகின்றன. அந்த இரண்டு மாதச் சம்பளம் யாருக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். ஓராண்டு முடித்தவருக்குத்தான் சட்டப்படி 30 நாள் சம்பள விடுப்பு முழுதாக வரும். ஏப்ரலில் சேர்ந்த உங்களுக்கு ஜூலையில் மூன்று மாதமே ஆகியிருக்கும். முதல் ஆண்டு எனக்கு அந்த இரண்டு மாதமும் சம்பளம் வரவில்லை. ஊருக்கு வர டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அதே ஜூலையில்தான்.

இப்போது உருக்கிப் பார்க்கலாம். தோழி சொன்ன 2,000 போக மாதம் 2,500 திர்ஹாம், அதாவது 57,500 ரூபாய். இதில் 22,000 ஏற்கெனவே வீட்டில் செலவாகிக்கொண்டிருக்கும் பணம். நீங்கள் கிளம்பினாலும் மகளின் பள்ளிக் கட்டணமும் மளிகையும் நிற்கப் போவதில்லை. மீதி 35,500. ஆண்டுக்கு 4,26,000. கோடைச் சம்பளம் வராவிட்டால் அதில் 2,07,000 போகும். ஏஜென்ட் 1,20,000. அந்தக் கடனுக்கு ஓராண்டு வட்டி 28,800. நிற்பது 70,200 ரூபாய். சான்றிதழ்களை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று இடங்களில் முத்திரை வாங்கும் செலவை இன்னும் நான் கழிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை ஓராண்டு பிரிந்து இருப்பதற்கு எழுபதாயிரம். உங்கள் வீட்டார் சொல்லும் ஐந்து மடங்கு இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

கோடைச் சம்பளத்தை எழுத்தில் வாங்கி, ஏஜென்டுக்குப் பணம் தராமல் போனால் அதே முதல் ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் நிற்கும். இரண்டுக்கும் இடையில் வேலையும் அதே வேலை, பள்ளியும் அதே பள்ளி.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். அதை நேராகவோ சுற்றி வளைத்தோ ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. ரசீதும் தர வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கெடு என்பது உங்களை விசாரிக்க விடாமல் செய்வதற்கு. பள்ளிக்கு நீங்களே நேராக மின்னஞ்சல் அனுப்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நம் தனியார் பள்ளி ஆசிரியைகள் பெரும்பாலோர் இதைக் கேட்பதே கிடையாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டு பணிக்கு உங்களுக்குச் சேலத்திலேயே பணிக்கொடை உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்களைச் சேர்த்து 2009-இல் திருத்தம் வந்தது, 1997 முதலே பொருந்தும்படி. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. உங்கள் 22,000-மும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஒன்பது ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். 1,14,230 ரூபாய் வரும். ஏஜென்ட் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில் நிற்கிற பணம் உங்கள் சொந்த உழைப்பில் இருக்கிறது, நீங்கள் வட்டிக்குக் கடன் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ராஜினாமாக் கடிதத்தோடு பணிக்கொடை விண்ணப்பத்தையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பி.எஃப்.-இல் ஓய்வூதியப் பங்கைத் தொடாதீர்கள். அந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணி வேண்டும். ஒன்பதில் நின்று பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஒன்பதும் அழிந்துவிடும். எடுக்காமல், இத்தனை ஆண்டு பணி என்று பி.எஃப். அலுவலகம் தரும் திட்டச் சான்றிதழை (ஸ்கீம் சர்டிஃபிகேட்) வாங்கி வைத்தால், திரும்பி வந்து பி.எஃப். பிடிக்கிற வேறு பள்ளியில் சேரும்போது இங்கிருந்தே எண்ணிக்கை தொடரும்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஏப்ரலிலேயே கிளம்புவதால் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகவே இருப்பீர்கள், இங்கேயும் அந்தச் சம்பளத்துக்கு வரி வராது. வங்கியில் சொல்லிக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

திர்ஹாமின் விலை ஏறுவதை மட்டும் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். நான் திரும்பியபோது 12 ரூபாய்ச் சொச்சமாக இருந்த திர்ஹாமுக்கு நீங்கள் இன்று 23 போடுகிறீர்கள் என்றால், நம் ரூபாய் இறங்கியிருக்கிறது. சேலத்தில் பள்ளிக் கட்டணமும் அரிசியும் இந்தப் பதினைந்து ஆண்டில் அதே இடத்திலா இருக்கின்றன?

குடும்பத்தோடு போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் மகள் இருக்கிறாள். இந்தச் சம்பளத்தில் குடும்ப விசா கேட்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா என்று பள்ளியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். விசா கிடைப்பது வேறு, அந்தச் சம்பளத்தில் மூன்று பேர் வாழ்வது வேறு. பங்கு அறை தனி வீடாக மாறும், மகளின் பள்ளிக் கட்டணம் திர்ஹாமில் வரும், பட்டறை வருமானத்தில் உங்கள் கணவரின் கை குறையும். கொலுசு வேலையில் பழகிய கையை அங்கே எந்த வேலைக்கு அனுப்புவது? ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளி எவ்வளவு தரும், எந்த ஆண்டிலிருந்து தரும் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் மூவரும் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே, போகலாமா என்றால், இந்த ஒப்பந்தத் தாளோடு வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 3,000, கோடை இரண்டு மாதமும் சம்பளம், ஆண்டுக்கு ஒரு முறை கோயம்புத்தூர் வரை டிக்கெட், மகளுக்குக் கட்டணச் சலுகை ஆகியவற்றைக் கேளுங்கள். டிக்கெட்டில் ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. 'இந்தியா' என்று மட்டும் போட்டு எனக்கு மும்பை வரை கொடுத்தார்கள், அங்கிருந்து இரண்டு பெட்டியோடு ரயிலில் சேலம் ஜங்ஷன் வந்து இறங்கினேன். நான்கில் முதல் இரண்டுக்குச் சம்மதித்தால் கிளம்புங்கள், நான் மகிழ்ச்சியோடு வழியனுப்புவேன். அந்த நான்கு ஆண்டு எனக்குக் கொடுத்த நிமிர்வை இந்தக் கணக்கில் எந்த வரியிலும் எழுத முடியவில்லை, அது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை உறுதிக் கடிதம் தமிழிலும் கிடைக்கும், அரபு, ஆங்கிலத்தோடு அதையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறி வாருங்கள். காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம். மகளை எங்கள் வீட்டுப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையாட விட்டுவிட்டு, அந்தத் தாளை நாம் மூவரும் வரிக்கு வரி படிப்போம்.