கலைஞரின் படைப்புச் சிந்தனை அறிவியலாளரின் படைப்புச் சிந்தனையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

படைப்புச் சிந்தனை என்பது, ஏற்கெனவே தெரிந்தவற்றைப் புதிய விதத்தில் இணைத்து இதுவரை இல்லாத ஒன்றை உருவாக்குவதாகும். கலைஞர், அறிவியலாளர் இருவருமே கற்பனையில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கற்பனை தேறியதா என்பதைத் தீர்மானிப்பது எது என்பதில்தான் பிரிகிறார்கள்.

செவ்வாய்க் கோள் வட்டப் பாதையில் சுற்றுவதாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கணக்கிட்ட வானியலாளர் கெப்ளர், மற்றொரு வானியலாளரான டைக்கோ பிராகே வானை நோக்கி எடுத்திருந்த அளவீடுகளோடு ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு தென்பட்டதற்காக, அரும்பாடுபட்டு அமைத்த அந்த ஏற்பாட்டையே கைவிட்டு, 1609இல் நீள்வட்டப் பாதையை அறிவித்தார். அந்தப் பிடிவாதம்தான் வியப்புக்குரியது. வேறொருவராயின் அளவீட்டின் மீது பழி போட்டிருக்கலாம். 1937இல் 'குவெர்னிக்கா' ஓவியத்தைத் தீட்டிய பிக்காசோவோ, முதலில் வரைந்திருந்த, ஓங்கிய கைமுட்டியைப் பின்னர் நீக்கிவிட்டார். நீக்கும்படி எந்த அளவீடும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள்: அறிவியலாளருக்குப் புள்ளிகளை இயற்கை வைத்துவிடுகிறது, ஒன்றையும் விடாமல் செல்லும் கோட்டை அவர் கண்டுபிடிக்க வேண்டும், கலைஞரோ புள்ளிகளையும் தாமே வைக்கிறார், வேண்டாதவற்றை அழிக்கவும் செய்கிறார்.

மூளையின் வலப்பாதி கலைக்கும் இடப்பாதி அறிவியலுக்கும் உரியது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. இரு வேலைகளிலும் இரு பாதிகளும் சேர்ந்தே இயங்குகின்றன.