ஸ்டோக் ரோவில் வீடு எடுக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் வேலை, பக்கத்து ஸ்டோக் ரோவில் ஒரு வீடு பிடித்திருக்கிறது, கைக்குழந்தையோடு அந்தக் கிராமத்தில் காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார் இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு ரெடிங்கிலேயே இருங்கள். பேருந்தை நம்பிக் குடித்தனம் நடத்துகிற ஊர் இல்லை அது. இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்குள்ள டெஸ்ட்டை முடித்துவிடுங்கள். அந்தப் பக்கத்துச் சந்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், நன்றி சொன்ன மாதிரி.

வீட்டுக்காரரிடம் முதலில் ஹீட்டிங் எதில் ஓடுகிறது என்று கேளுங்கள். பல கிராமங்களில் கேஸ் குழாய் கிடையாது. தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி இருக்கும், நிரப்பும்போது மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம், ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்றீர்களே. கிணறு இருக்கிறது. சிரிக்காதீர்கள், காசி மகாராஜா வெட்டிக் கொடுத்த கிணறு! ஊர் இருக்கிற சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை, மழைத்தண்ணீர் மேலே நிற்காது, அதனால் அந்தக் காலத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்ட பையனைத் தாய் அடித்த கதையை, அந்தப் பக்கத்துக்காரரான எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி இந்தியாவில் இருந்தபோது மகாராஜாவிடம் சொன்னாராம். மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அதை மறக்கவில்லை. 1864இல் கிணறு திறந்தது. ஆழம் 368 அடி, அகலம் நாலு அடிதான், முழுக்கக் கையாலேயே தோண்டியது. லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் உயரமே 365 அடி! மேலே வெங்காய வடிவக் கோபுரம், அதன் அடியில் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சக்கரங்களுக்கு மேல் தங்க நிற யானை. பராமரிப்புச் செலவுக்கு வருமானம் வரட்டும் என்று பக்கத்திலேயே செர்ரித் தோட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யானையைவிட இந்த யோசனைதான் பிடிக்கும்.

இந்திய முகத்தைப் பார்த்ததும் யாராவது அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள். நமக்கும் காசிக்கும் ரொம்பத் தூரம் என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் கூடும் நாள் எது என்று விசாரித்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை இருட்டிய பிறகும் போய்ப் பாருங்கள். சமையலறையில் நின்று போன் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.