படிப்பைத் தொடரும் முன் மறு அடகை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டோடு, 2009-இல் திருமணம் காரணமாகப் படிப்பு நின்றுபோனது. இப்போது தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு உதவியாளராக மாதம் 28,000 ரூபாய் ஊதியம் பெறுகிறேன். பட்டம் இருந்தால் கணக்காளர் பதவியும் 6,000 ரூபாய் கூடுதலும் கிடைக்கும். இணையவழிப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் ஒன்று 1,80,000 ரூபாயை 7,500 வீதம் 24 வட்டியில்லாத் தவணைகளில் கட்டலாம், வரிச்சலுகையும் உண்டு என்கிறது. மொத்தமாகக் கட்டினால் 1,55,000 ரூபாய். செலவு போக மாதம் 6,500 ரூபாய் மிஞ்சுகிறது, ஆர்.டி.யில் 40,000 ரூபாய் இருக்கிறது. தம்பியின் கடைக்காக 80,000 ரூபாய்க்கு வைத்த நகையை, ஆண்டுதோறும் மாற்றி வைத்ததில் கடன் 1,10,000 ஆகி, இப்போது 1,50,000 ரூபாயில் நிற்கிறது. வட்டி 12 சதவீதம். இந்த மாதம் கெடு. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு 2,50,000 ரூபாய் தருவார்களாம். தம்பி ஒரு லட்சம் கேட்கிறான். தவணைக்குக் குறையும் பணத்தையும் அதிலிருந்தே சமாளித்துக்கொண்டு நான் படிக்கலாமா, அல்லது இந்த வயதில் படிப்பே வேண்டாமா?

பதில்: படியுங்கள். தொலைநிலையில் பி.காம். படிப்பதற்கு வயது வரம்பு கிடையாது; 6,000 ரூபாய் ஊதிய உயர்வு கண்முன் இருக்கும்போது அதைப் பற்றித் தயங்கவும் வேண்டியதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு வட்டி என்றால் என்னவென்று நான் விளக்கப் போவதுமில்லை. என் கவலையெல்லாம், ஆண்டுதோறும் கெடு வந்ததும் நகையை மாற்றி வைத்து, கூடுதலாகக் கிடைக்கும் தொகையிலேயே பழைய வட்டியைக் கழித்துக்கொள்ளும் உங்கள் பழக்கத்தைப் பற்றித்தான்.

இந்தப் பழக்கத்தில், வட்டி உங்கள் கையிலிருந்து போவதே தெரிவதில்லை. முதலாண்டில் 9,600, அடுத்த ஆண்டில் 13,200, இப்போது 18,000 என்று மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 41,000 ரூபாய் வட்டிக்கே ஆகியிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இம்முறை 2,50,000 ரூபாய்க்கு மாற்றி வைத்தால், பழைய அசலும் வட்டியும் போகக் கையில் கிடைப்பது 82,000 ரூபாய்தான். தம்பி கேட்ட ஒரு லட்சத்துக்கே அது போதாது. உங்கள் தவணைக்கு அதில் எங்கே இடம்? அதன் பிறகு ஆண்டு வட்டி 30,000 ரூபாய், அதாவது மாதம் 2,500 ரூபாய் ஆகிவிடும். தங்கம் விலை ஏறுவது நகை உங்கள் பெட்டியில் இருந்தால்தான் உங்களுக்கு லாபம். அடகில் இருக்கும்போது அது மேலும் கடன் வாங்கத் தூண்டுவதோடு சரி.

அந்த "வட்டியில்லாத் தவணை"யைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மொத்தமாகக் கட்டினால் 1,55,000, தவணையில் 1,80,000 என்றால் இடையிலுள்ள 25,000 ரூபாய்க்கு வட்டி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது; கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் வருகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. இத்தகைய தவணைகள் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன் என்பதால், படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை உங்களை விடாது. வரிச்சலுகையோ, ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் ஊதியத்தில் வரியே கட்ட வேண்டியிராத உங்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது.

இதே பி.காம். படிப்பை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. நீங்கள் இதுவரை கொடுத்த 41,000 ரூபாய் வட்டியில் அங்கே மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டி மீதியும் வைத்திருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்று அக்குழுவே 2022-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயினும், எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பதை உங்கள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். 2009-இல் விட்ட இரண்டாண்டு மதிப்பெண்கள் செல்லுமா என்று பழைய பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். ஆனால், தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கான கிரெடிட்டுகளை மாணவர் பெயரில் சேர்த்துவைக்கும், இப்போதுள்ள கிரெடிட் வங்கி முறையிலேயே அவை அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றே திட்டமிடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ஆர்.டி.யை முடித்துவிடுங்கள், 12 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு ஏழு சதவீதம்கூடத் தராத சேமிப்பைக் கட்டிக் காப்பதில் பொருளில்லை. அந்த 40,000 ரூபாயில் 18,000 வட்டிக்கும் 12,000 அசலுக்கும் போகட்டும். மீதி 10,000 ரூபாயை முதலாண்டுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்குங்கள். மிஞ்சும் 1,38,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 6,500 ரூபாய் கட்டினால் ஏறத்தாழ 24 மாதங்களில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அந்த இரண்டாண்டு முழுவதற்கும் நீங்கள் கொடுக்கும் வட்டி சுமார் 18,000 ரூபாய். இப்போது அதை ஒரே ஆண்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைப் போனஸிலிருந்து கட்டுங்கள்; போனஸ் வராவிட்டால் மீட்பு ஓரிரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கெடு நாளன்று கவுண்டரில், "மாற்றி வைத்தால் இன்னும் ஒரு லட்சம் தரலாம்" என்று தாங்களாகவே சொல்வார்கள். நிற்கும் தொகைக்கு மட்டும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் கட்டுவது அசலில் வரவாகுமா என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு ரசீதிலும் மீதி அசலைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

தம்பிக்கு என்ன சொல்வது? உங்கள் கணக்கின்படி அவர் ஏற்கெனவே 1,50,000 ரூபாய் கடன்பட்டிருக்கிறார். மூன்றாண்டுகளில் அவர் வட்டிகூடக் கட்டியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அக்கா தரமாட்டேன் என்றால் வருத்தப்படுவார், ஓரிரு மாதம் பேசாமலும் இருக்கலாம். கடை உண்மையிலேயே நடக்கிறது என்றால், கடைக் கணக்கைக் காட்டி அவர் பெயரிலேயே வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். அதற்கு உங்கள் நகை தேவையில்லை. ஜாமீன் கையெழுத்து கேட்டாலும் போடாதீர்கள். மாதம் 2,000 ரூபாயாவது அந்த நகைக் கடனில் நேரடியாகக் கட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டினால் 24 மாதம் என்பது 18 மாதமாகச் சுருங்கும், கட்டாவிட்டால் புதிய ஒரு லட்சம் எப்படித் திரும்பி வந்திருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.