அரசுகள் பாங்காக்கில் கூடிப் பேசினால் நம்மூர் இறால் குட்டைக்கு என்ன லாபம்?

கேள்வி: ஆசிய அரசுகள் சேர்ந்து மீன் வளர்ப்புக்கென்று அமைப்பு நடத்துகின்றன. மாநாடு, அறிக்கை தவிர கிராமத்து விவசாயிக்கு இதனால் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, ஆனால் பணமாக இல்லை. நான் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளுக்கு டெக்னீஷியனாக வேலை பார்ப்பவன். அதனால் இறால் கதையை மட்டும் சொல்கிறேன்.

இந்த அமைப்புகளில் முக்கியமானது பாங்காக்கில் இருக்கும் ‘நாக்கா’ (ஆசிய-பசிபிக் மீன் வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பு). 1980இல் ஐ.நா. திட்டமாகத் தொடங்கி, 1990இல் அரசுகளே நடத்தும் தனி அமைப்பானது. இந்தியா, இலங்கை, சீனா, வியட்நாம், வங்கதேசம் எல்லாம் இதில் உறுப்பினர்கள்.

1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் ஆசியா முழுக்க இறால் பண்ணைகளைக் காலி செய்தது. வைரஸ் நோய், மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒரே வாய்க்காலை நம்பிப் பலர் பண்ணை வைத்திருப்பார்கள். நோய் வந்த குட்டையின் தண்ணீரை ஒருவர் ராவோடு ராவாகத் திறந்துவிடுவார். அதையே பக்கத்துப் பண்ணைக்காரர் காலையில் மோட்டார் போட்டு இழுப்பார். இதில் ஒருத்தர் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன செய்வது?

2000இல் நம் எம்பீடாவும் (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) நாக்காவும் சேர்ந்து ஆந்திராவில் ஒரு திட்டம் தொடங்கின. முதலில் பண்ணைகளை ஆராய்ந்து எதனால் நோய் வருகிறது என்று பார்த்தார்கள். அப்புறம் மேற்கு கோதாவரி மாவட்டம் மொகல்தூரில் சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் குஞ்சு விட வேண்டும். குஞ்சைச் சேர்ந்தே வாங்க வேண்டும், அதுவும் பிசிஆர் (வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை) செய்ததாக. நோய் வந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கிருமி நீக்காமல் வெளியே விடக் கூடாது. அவ்வளவுதான். தனியாகப் போனால் ஹேச்சரிக்காரர் (இறால் குஞ்சு பொரித்து விற்பவர்) முகம் கொடுத்துப் பேச மாட்டார். குழுவாக மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் அவரே சோதனை முடிவோடு வருவார். இந்தப் பேரம் பேசும் பலம்தான் உண்மையான லாபம் என்பது என் கருத்து.

இந்த வேலையைத் தொடர 2007இல் எம்பீடா ‘நாக்சா’ என்ற அமைப்பைத் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் பண்ணைகளைத் திரும்ப எழுப்பியபோதும் இதே அனுபவம் அங்கே போனது.

இன்னொரு லாபம் எச்சரிக்கை. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இறால் சாகிற இ.எம்.எஸ். நோய் சீனா, வியட்நாம் என்று பரவி வந்தபோது, 2012 ஆகஸ்டில் நாக்கா பாங்காக்கில் அவசரக் கூட்டம் போட்டது. நோயின் அடையாளங்கள் நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காரணம் ஒரு பாக்டீரியா என்பது 2013இல்தான் தெரிந்தது. அதுவரை இந்த அடையாளங்களை வைத்துத்தான் ஆய்வுக்கூடங்கள் தேடின.

குறையும் உண்டு. நாக்காவுக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. உள்ளூரில் ஒரு துறை எடுத்துச் செய்யாவிட்டால் எல்லாம் பைலோடு நின்றுவிடும். வனாமி என்ற வெளிநாட்டு இறால் ரகம் வந்தபிறகு எங்கள் பக்கம் குழுக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. நல்ல விலை கிடைக்கும் வருஷத்தில் யாரும் பக்கத்துப் பண்ணைக்காகக் காத்திருப்பதில்லை.

நீங்கள் சிறு பண்ணைக்காரர் என்றால் பாங்காக்கைத் தேட வேண்டாம். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்துவிட்டு, உங்கள் பகுதி நாக்சா களப்பணியாளரைப் பிடியுங்கள்.