பம்ப் துறையின் பலத்தை அளக்க அறிக்கை வாங்க வேண்டாம்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்றுமதியை நம்பிக் கடன் வாங்கி சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல்) மெஷின் போட யோசனை. "இந்திய பம்ப் துறையின் போட்டித்திறன் குறியீடு 1.5, தாராளமாக இறங்கலாம்" என்கிறார் ஒரு கன்சல்டன்ட். முழு அறிக்கைக்குப் பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த 1.5 சாதாரண வகுத்தல் கணக்கு. 1965-இல் பேலா பலாசா என்ற பொருளியலாளர் பிரபலப்படுத்தியது. இந்திய ஏற்றுமதியில் 1,000 டாலருக்கு 6 டாலர் பம்ப், உலக ஏற்றுமதியில் 1,000-க்கு 4 டாலர் என்று வையுங்கள்; ஆறை நாலால் வகுத்தால் 1.5. ஒன்றைத் தாண்டினால் அனுகூலம். விவரங்கள் ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எந்த எச்.எஸ். எண்ணுக்கு (சரக்குகளைச் சுங்கத்தில் வகைப்படுத்தும் எண்) இந்தக் கணக்கைப் போட்டார் என்று முதலில் கேளுங்கள். 8413 என்றால் பெட்ரோல் பங்க் பம்ப், இன்ஜின் ஆயில் பம்ப் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் சரக்கு 841391, பம்ப் பாகங்கள். ஒரே வருடக் கணக்கையும் ஏற்காதீர்கள். கச்சா எண்ணெய் விலை ஏறினால் நம் பெட்ரோலியப் பொருள் ஏற்றுமதி மதிப்பு வீங்கும். பம்பில் எதுவும் மாறாமலே குறியீடு இறங்கக்கூடும். ஐந்து வருடம் பாருங்கள், டாலரில் பாருங்கள். ரூபாய் சரிந்ததையும் வளர்ச்சியாகக் காட்டும் "வரலாறு காணாத ஏற்றுமதி" அறிவிப்புகள் தொழில் செய்பவருக்கு எதற்கும் உதவாது.

தொழில்நுட்பம் தெரிய, மதிப்பை எடையால் வகுங்கள். நாம் அனுப்புவது கிலோ 6 டாலர், ஜெர்மனியிலிருந்து வாங்குவது 18 டாலர் என்று வந்தால், நாம் விற்பது மலிவை. இன்னும் மலிவாகக் கொடுப்பவன் வந்தால் ஆர்டர் போய்விடும்.

அறிக்கையில் காப்புரிமை எண்ணிக்கை பெரிதாக இருக்கும். விண்ணப்பத்தையும், வெளித்தோற்றத்துக்கான டிசைன் பதிவையும் கூட்டி எண்ணுவது இந்தத் தரகர்களின் பழைய வேலை. எஃப்04டி (சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் மையவிலக்கு பம்ப் போன்றவை வரும்) வகுப்பில், வழங்கப்பட்டு, கட்டணம் கட்டி உயிரோடு இருப்பவை, வேறொரு நாட்டிலும் பதிவானவை மட்டுமே கணக்கு.

ஒரு விலக்கு உண்டு. குறியீடு ஒன்றுக்குக் கீழே வந்தாலே துறை பலவீனம் என்று முடிவுகட்டக் கூடாது. இந்தியாவில் கிணறும் போர்வெல்லும் உள்ளூரிலேயே ஏராளமான பம்பை இழுத்துக்கொள்கின்றன, கப்பலேறுவது மிச்சம்தான். குறியீடு ஏற்றுமதியை மட்டுமே பார்க்கும், உள்ளூர் விற்பனை அதன் கண்ணில் படாது. அதனால் இறக்குமதியையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளூர்ச் சந்தை பெரிதாக இருந்து, இறக்குமதியும் குறைவென்றால் துறை திடமானது. ஆனால் உயர்ந்த சுங்கவரியால் இறக்குமதி அடைபட்டிருந்தால் அதைத் திடம் என்று சொல்ல முடியாது. வரி விகிதத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடன் முடிவுக்கு 841391-இன் கிலோ விலை ஐந்து வருடமாக ஏறுகிறதா என்பதே முக்கியம். இறங்கினால் மெஷினைத் தள்ளிப்போடுங்கள்.