முதலில் கொடியைப் பிடுங்கச் சொல்லிக்கொடுங்கள்

தம்பி, ஜூலையில்தான் டாலஸ் வந்து இறங்கியிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பையனை ஃபிளாக் ஃபுட்பாலில், அதாவது ஆளைச் சாய்க்காமல் இடுப்புக் கொடியை உருவி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில், சேர்த்த மறுவாரமே "கோச்சுக்கு ஆள் இல்லை, நீங்கள் வருகிறீர்களா" என்று மெயில் வந்துவிட்டது. கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாத நான் ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கார் வாங்குவதா லீஸ் எடுப்பதா, எந்த ஏரியாவில் பள்ளிக்கூடம் நல்லது என்றும் இரண்டு கேள்வி. கார் பற்றி ஆபீஸில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பேச்சை நம்மவர்களிடம் எடுத்தால் அது வீட்டு விலையில் போய்த்தான் நிற்கும். அதை விடுங்கள்.

கோச் வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள்.

2009 செப்டம்பரில் ஆபீஸிலிருந்து நேராக, இஸ்திரி போட்ட பேன்ட்டும் தோல் ஷூவுமாக மைதானத்துக்குப் போனேன். டெக்ஸஸ் செப்டம்பர் நம் ஊர் சித்திரை மாதிரி. பெரிய கோச் பந்தைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளுக்கு எறியச் சொன்னார். திண்டுக்கல்லில் பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறிந்த கை இது என்று ஒரு மிதப்பு. எறிந்தேன். பந்து அடிபட்ட கோழி மாதிரி படபடத்துக்கொண்டு போய் ஒரு பெண் குழந்தையின் முழங்காலில் விழுந்தது. ஒரு பொடியன் வந்து என் விரல்களைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பந்தின் லேஸ் தையல் மேல் வைத்துக் காட்டினான். எனக்கு முதல் கோச் அவன்தான்.

எறிவதைப் பற்றி இவ்வளவு போதும்: விரல் லேஸ் மேல், உள்ளங்கை பந்தில் ஒட்டக் கூடாது, முழங்கை தோள் உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. எறிந்து முடித்த கை எதிர்ப்பக்கத்துப் பேன்ட் பாக்கெட்டில் கட்டைவிரலை நுழைப்பது போல வந்து நிற்க வேண்டும். பிடிப்பதற்கு, நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள்.

ஆனால் முதல் வாரம் எறியவே வேண்டாம். கொடியைப் பிடுங்கச் சொல்லிக்கொடுங்கள். இந்த ஆட்டத்தில் ஆளைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது கிடையாது. இடுப்புப் பட்டையில் தொங்கும் கொடியை உருவினால் ஆட்டம் நின்றது. பிள்ளைகள் ஆடுகிற கொடியையே பார்த்துக் கை வீசுவார்கள், காற்றுதான் கிடைக்கும். இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையும் கையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. கபடி ஆடியிருந்தால் உங்களுக்கே தெரியும். பதினைந்து கெஜச் சதுரம் கட்டி எல்லோருக்கும் கொடி மாட்டி, நடுவில் இரண்டு பேரை நிறுத்தி, மற்றவர்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிடுங்கள். கொடி போனவர் பிடிப்பவர் கட்சி. பத்து நிமிஷம். கத்திக் கத்தி விளையாடுவார்கள், பயிற்சி என்றே தெரியாது.

அடுத்தது ஸ்னாப். நடுவில் நிற்கும் சென்டர், கால் இடுக்கு வழியாகப் பின்னால் குவாட்டர்பேக்குக்கு, அதாவது எறிகிற பையனுக்கு, பந்தைத் தந்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் அது. அந்தப் பந்து தரையில் விழுந்தால் அந்த டவுன், அதாவது அந்த ஒரு முயற்சி, போச்சு. பாதி மைதானம் தாண்ட நாலு டவுன்தான். அதில் இரண்டை இப்படி விட்டுவிட்டு அப்புறம் பாஸ் சரியில்லை என்று பையனைத் திட்டுகிற கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் சென்டரையும் குவாட்டர்பேக்கையும் தினம் இருபது ஸ்னாப் போட வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் பெரியவர்கள் ஆடும் ஃபுட்பாலைப் பார்த்துவிட்டு வரும் பையன்கள் கையை நீட்டி எதிராளியை மறிப்பார்கள். இங்கே பிளாக்கிங் குற்றம். ஓடும்போது கை தானாகக் கொடியை மறைக்கும், அதுவும் குற்றம். பாக்கெட் வைத்த டிரவுசர் போட்டு அனுப்ப வேண்டாம் என்று பெற்றோருக்கு முதல் நாளே எழுதிவிடுங்கள். கொடிக்குப் போகும் விரல் பாக்கெட்டில் மாட்டினால் வீங்கிவிடும். இடி சத்தம் கேட்டால் எல்லோரும் காருக்குள், கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது.

இன்னொன்று, பெற்றோர் முறை வைத்துப் பிள்ளைகளுக்குத் தீனி கொண்டுவருவது. என் முறை வந்தபோது வீட்டில் ஆசையாகக் கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்தேன், ஒரு அம்மா மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்து மூடியை அழுத்தி மூடினார். அவர் மகனுக்கு நிலக்கடலை ஆகாது, கைப்பையில் ஒவ்வாமைக்கான எபிபென் ஊசியோடு அலைகிறவர். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆரஞ்சுச் சுளைதான்.

நம்மவர்கள் உங்களைக் கிண்டல் செய்வார்கள். "இதெல்லாம் ஒரு ஆட்டமா, பையனைக் கிரிக்கெட்டில் போடு" என்று எனக்கும் சொன்னார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பாலும் கிரிக்கெட்டும் ஒரே நாளில், அதுவும் 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த கூட்டத்தில்தான், சேர்க்கப்பட்டன என்று சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார்கள். இருபது வருஷம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்தத் தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த மைதானத்தில் பழகியவர்கள்தான்.

ஆட்டத் திட்டம் மூன்று போதும். இணையத்தில் கிடைக்கும் ஐம்பதையும் அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் அணிப் பையன் ஒருவன் என் வீட்டில் சாப்பிட்ட அன்று எங்கள் மூன்று திட்டத்துக்கும் பெயர் வைத்தோம். இட்லி என்றால் ஐந்து கெஜம் ஓடித் திரும்பி அப்படியே உட்கார்ந்த மாதிரி நில். இதில் சென்டருக்கே எறியலாம், அவனும் பந்து பிடிக்கலாம் என்பதை எல்லோரும் மறந்திருப்பார்கள். அப்பளம் என்றால் ஒருவன் நேரே பறப்பான். தோசை என்றால் பந்தை வாங்கி வலப்பக்கம் ஓடுகிறவன், எதிரே வருகிறவன் கையில் கொடுத்து இடப்பக்கம் திருப்பிப் போடுவான்.

டைலர், ஏதன் என்று பெயருள்ள பிள்ளைகள் "டோசா, டோசா" என்று கத்த, எதிரணி விழிக்க, அந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம் அப்படியே ஜெயித்தோம். நாலாவது ஆட்டத்தில் நடு மைதானத்தில் தோசை கூப்பிட்டோம். எதிர்ப்பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு உதவிக் கோச், அதுவரை வாயே திறக்காதவர், சுத்த மதுரைத் தமிழில் தன் மகனைப் பார்த்துக் கத்தினார்: "டேய், திருப்பிப் போடப் போறாய்ங்கடா! அந்தப் பக்கம் ஓடு!"