கல்யாண மாலையும் கொதித்த ரெசினும்

கேள்வி: தங்கையின் கல்யாண மாலையில் இருந்த ரோஜாவையும் மல்லிகையையும் காயவைத்து, இரண்டு அங்குல ஆழமுள்ள மோல்டில் வைத்து, கண்ணாடி மாதிரி இறுகும் திரவமான ரெசினை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தொட முடியாத சூடு, லேசாகப் புகை. மறுநாள் பார்த்தால் மஞ்சளாகி விரிசல் விட்டிருக்கிறது. '24 மணி நேரத்தில் இறுகும்' என்று பாட்டிலில் போட்டிருந்தது. மட்டமான சரக்கா?
– வாசகி, ஈரோடு

பதில்: சரக்கில் குறையிருக்காது. நீங்கள் வாங்கியது மேஜை, தட்டு ஆகியவற்றின் மேல் பூசுகிற கோட்டிங் ரெசின் என்று நினைக்கிறேன். அதை ஒரு தடவைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரைதான் ஊற்ற வேண்டும். ரெசினும் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரும் சேர்ந்தாலே சூடு பிறக்கும். மெல்லிய படலமாக இருந்தால் அது காற்றோடு போய்விடும். கனமாக ஊற்றினால் நடுவிலுள்ள சூட்டுக்கு வழியில்லை. சூடு ஏறினால் இறுகும் வேகமும் கூடும், அதனால் இன்னும் சூடு. ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே வேகுமே, அந்தக் கதைதான்.

வீடியோக்களில் ஒரே மூச்சில் ஊற்றுகிறார்களே என்பீர்கள். அது ஆழமாக ஊற்றுவதற்கென்றே உள்ள டீப் போர் (deep pour) ரெசின். மெதுவாக இறுகும், தயாரிப்பைப் பொறுத்து ஒன்றிரண்டு அங்குலம்கூடத் தாங்கும். மோல்டிலிருந்து எடுக்க இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். இந்த விவரத்தை மட்டும் வீடியோவில் சொல்ல மாட்டார்கள்!

கையில் இருப்பதை வைத்தே செய்வதானால் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். முதல் அடுக்கு மெல்லியதாக இருக்கட்டும். அதில் பூவைப் பதித்துவிட்டால் பிறகு மிதக்காது. நாலைந்து மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அடுத்த அடுக்குக்கு அதுதான் நேரம். தவறவிட்டால் நன்றாக இறுகவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஈரோட்டு மே மாதத்தில் விடியற்காலையில் வேலையை முடிப்பது நல்லது.

அந்த 24 மணி நேரம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு மட்டும். முழுதாக இறுக மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும்.

அப்புறம், மல்லிகை எப்படிக் காயவைத்தாலும் பழுப்பேறும். நான் அதைச் சேர்ப்பதே இல்லை.

கேள்வி: ரெசின் ஊற்றி நாலு நாளாகியும் பிசுபிசுப்பு. ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கூடவே கூடாது. மிஞ்சிய ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் உள்ளேயே தங்கி, இன்னும் கொழகொழப்பாகும். பாட்டிலில் உள்ள 2:1 (ரெசின் இரண்டு பங்கு, ஹார்ட்னர் ஒரு பங்கு) என்பது கன அளவா, எடையா என்று பாருங்கள். ஹார்ட்னரைவிட ரெசின் கனமானது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. கலக்கும்போது கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்தீர்களா? மழைக்காலத்தில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். உள்ளேயே இளகியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியாகக் கலந்த புது ரெசினை மெல்லியதாக ஊற்றுங்கள்.